பீட்ரூட் சாறும் ஒரு சிரிஞ்சும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடைக்காரர்களும் பெற்றோரும் வந்திருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த டம்ளரில் இருப்பது பீட்ரூட் சாறு. காலையில் வீட்டில் அரைத்து வடிகட்டியது. சிரிஞ்சில் கொஞ்சம் இழுக்கிறேன். முழுக்க அழுத்தி வெளியே தள்ளியாயிற்று. முன்வரிசை அம்மா, காலிதானே? சரி. இப்போது இதே சிரிஞ்சால் நல்ல தண்ணீரை இழுத்து அந்தக் கண்ணாடி டம்ளரில் விடுகிறேன். பார்த்தீர்களா, ரோஸ் நிறம். ஊசி சேருகிற கழுத்தில் ஒரு சொட்டு தங்கிவிட்டது. அது இன்னொருவன் ரத்தமாக இருந்தால்?

வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றி செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கேட்டால், "என் ஊசி எனக்கு மட்டும்தான் சிஸ்டர்" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் ஊசி தனி, தண்ணீர் பொது. கரைக்கிற ஸ்பூன் பொது, வடிகட்டுகிற பஞ்சும் பொது. பயன்படுத்திய சிரிஞ்சு ஒருமுறை அந்தத் தண்ணீரில் முங்கினால் போதும், இந்த டம்ளர் கதைதான். ரத்தத்தில் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி லேசுப்பட்டது இல்லை. ஆய்வகச் சோதனையில் சிரிஞ்சுக்குள் 63 நாள் வரைகூட உயிரோடு இருந்திருக்கிறது.

இதில் நம்மை ஏமாற்றுவது மஞ்சள் நிறம். கண் மஞ்சளானால்தான் காமாலை, உடனே கீழாநெல்லி, பத்தியம் என்று பழகிவிட்டோம். ஹெபடைடிஸ் சி வந்த பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. நன்றாகச் சாப்பிடுவான், வேலைக்குப் போவான்; இருபது வருஷம் கழித்து வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு வருவான். கல்லீரல் சுருங்கியிருக்கும். ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி. இதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையில் முழுக்கக் குணமாகிவிடும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். ஹெபடைடிஸ் பி நேர்மாறு: தடுப்பூசி உண்டு, வந்தபின் முழுக்கத் துடைப்பது கடினம். எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையத்தில் இலவசப் பரிசோதனை, இருந்தால் அந்தக் கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து.

ஊசியை விட முடியாதவனுக்கு போதை ஏக்கத்தைத் தணிக்க நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையை ஊழியர் கண்ணெதிரே தினமும் கொடுக்கும் மையங்கள் உண்டு. உடம்பு நடுங்காமல் இருந்தால் அவன் ஏன் ஊசியைத் தேடப் போகிறான்?

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை மடிப்பில் சீழ்க்கட்டியோடு ஒரு பையன் வந்தான். ஊசித் தழும்பைப் பார்த்ததும், "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று வார்டே கேட்கக் கத்தினேன். டிரெஸ்ஸிங் டிரேயை எடுத்து வருவதற்குள் கட்டில் காலி. விரிப்பில் சீழ்க் கறை மட்டும் இருந்தது. அப்புறம் அவனை நான் பார்க்கவே இல்லை. அன்று கட்டுப் போட்டுவிட்டுப் பேசியிருந்தால் ரத்தம் எடுத்திருக்கலாம், தடுப்பூசியாவது போட்டிருக்கலாம்.

கடைக்கார அண்ணன் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "புது சிரிஞ்சு கொடுத்தால் நாமே போதைக்குத் துணை போவது ஆகாதா?" நியாயமான பயம். ஆனால் புது ஊசி கிடைக்காதவன் போதையை விடுவதில்லை, பழைய ஊசியைத்தான் எடுக்கிறான். 2017 எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமே, தொற்று அபாயத்தைக் குறைக்கும் திட்டத்தில் சுத்தமான ஊசி கொடுப்பதைக் குற்றமாக்கக் கூடாது என்கிறது. வலி மாத்திரை விஷயம் வேறு. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வீட்டில் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் கேளுங்கள். பழைய ஊசியைக் குப்பைக் கவரில் போட்டால், காலையில் அதைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் கையில்தான் குத்தும். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். வாசல் மேசையில் மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.