கபடித் திடலின் இருட்டு மூலை

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டு மைதானங்களில் இருக்கும் பார்களுக்குள் சிறுவர்களை விடலாமா, கூடாதா என்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் சிரித்தார். "நம்மூர் மைதானத்துல ஏது சார் பாரு? இது வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சினைல்லா?" என்றார்.

பாதி சரிதான். இங்கிலாந்தில் சின்ன ஊர் கிரிக்கெட் கிளப்பாக இருந்தாலும், ரக்பி கிளப்பாக இருந்தாலும், மைதானத்தை ஒட்டி ஒரு கட்டடமும் அதற்குள் ஒரு பாரும் இருப்பது சாதாரணம். அப்பா ஆடுவார், பிள்ளைகள் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடி விளையாடும், ஆட்டம் முடிந்ததும் குடும்பத்தோடு உள்ளே போவார்கள். பாரில் வரும் காசுதான் பல கிளப்புகளுக்குப் புல் வெட்டவும் பந்து வாங்கவும் உதவுகிறது. மது விற்பதே முக்கிய வேலையாக உள்ள இடத்தில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பெரியவர் துணையின்றி இருக்கக் கூடாது என்கிறது அங்குள்ள சட்டம். அயர்லாந்தில் 15 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோடு வரலாம். ஆனால் இரவு 9 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி.

இந்த ஏற்பாட்டை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மதுவின் மேல் கள்ளக் கவர்ச்சி வராது என்பார்கள். அதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். அதே இங்கிலாந்தில், பெரிய கால்பந்து ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்கக் கூடாது என்று 1985இல் சட்டம் போட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 உலகக் கோப்பையில் கத்தார், போட்டி தொடங்க 2 நாள் இருக்கும்போது மைதானத்தைச் சுற்றி பீர் விற்பனை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆட்டம் நிற்கவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். கோவில் கொடை விழாவையொட்டி மின்னொளி கபடிப் போட்டி நடக்காத ஊர் நெல்லைச் சீமையில் குறைவு. பக்கத்து மணத்தியில் இருந்து போன கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். கபடி இங்கே அப்படி ஊறிப்போன ஆட்டம். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், நடுவராகவும் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். அந்தத் திடல்களில் பார் என்று போர்டு மாட்டிய இடம் கிடையாது. மேடைக்குப் பின்னால் ஒரு இருட்டு மூலை இருக்கும், அல்லது வண்டிகள் நிறுத்தும் இடம், கருவேல மரத்தடி. கடை இரவு 10 மணிக்கு மூடிவிடும் என்பதால் முன்கூட்டியே வாங்கி பைக் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். ஆட்டம் விடிய விடிய நடக்கும்.

அங்கே பிள்ளைகளை விடலாமா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். "ஏல, ரெண்டு தண்ணி பாக்கெட்டும் டம்ளரும் வாங்கிட்டு வாலே, மிச்சக் காசை நீ வச்சுக்கோ" என்றால் ஓடுகிறவன் ஆறாவது, ஏழாவது படிக்கிற பையன். அவனுக்கு அது பெருமை. பெரிய ரைடர் அண்ணன் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாரே! தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 2015 இன்னும் கடுமையானது: குழந்தைக்கு மது கொடுத்தாலும் சரி, மதுவை விற்கவோ சுமக்கவோ குழந்தையைப் பயன்படுத்தினாலும் சரி, 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தண்ணீர் பாக்கெட் வாங்கி வருவது அந்தப் பிரிவில் வராதுதான். ஆனால் தண்ணீர் வாங்கப் போனவன் கையில் அடுத்த தடவை பை ஒன்றைக் கொடுத்து அனுப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கிலாந்துக்காரர் சொல்லும் நியாயம் இங்கே செல்லாததும் இதனால்தான். நம்மூரில் திடலோரம் குடிக்கிறவர் உட்கார்ந்து குடிப்பதில்லை. நின்றபடி, அவசரமாக, யாரும் பார்க்குமுன் ஒரு கட்டிங்கை ஊற்றிக்கொண்டு வாயைத் துடைக்கிறார். தொட்டுக்கொள்ள மாங்காய்த் துண்டு. வீட்டுப் பெண்கள் யாரும் பக்கத்தில் இல்லை. இதைப் பார்க்கும் பையன் அளவோடு குடிப்பது எப்படி என்றா கற்றுக்கொள்வான்? ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த மூலைக்குப் போக வேண்டும் என்றுதான் அவன் மனதில் பதியும்.

இன்னொன்று, இதைத்தான் நான் அதிகம் சொல்ல நினைத்தேன். சாயங்காலம் போட்டி தொடங்கும்போது திடலின் ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள் இருப்பார்கள், மடியில் பிள்ளைகளோடு. இருட்டு மூலையில் சத்தம் கூடக் கூட அந்தப் பக்கம் மெல்லக் கரையும். ஒரு அம்மா எழுவாள், அவள் மகளும் எழுவாள். நன்றாக ஓடுகிற பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறார்கள். ஊர்த் திடலுக்கு அனுப்பச் சொன்னால் வீட்டில் மறுப்பார்கள். ஆட்டத்தின் மேல் அவர்களுக்கு வெறுப்பு கிடையாது, அந்த மூலையை நினைத்துத்தான் பயம். ஆக, பாருக்குள் பிள்ளையை விடுவதா என்ற பேச்சுக்கு முன்பே, குடி வந்து பிள்ளைகளைத் திடலை விட்டு வெளியே தள்ளிவிடுகிறது. மறுநாள் காலையில் வெறுங்காலோடு பயிற்சிக்கு வருகிறவன் பாட்டில் சில்லை மிதிப்பது தனிக்கதை.

2023இல் தமிழ்நாடு அரசு மது உரிம விதிகளைத் திருத்தி, கல்யாண மண்டபம், மாநாட்டுக் கூடம், விளையாட்டு அரங்கம் போன்ற இடங்களில் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபத்தை எடுத்தார்கள். பெரிய போட்டிகளுக்கு என்று சொல்லி விளையாட்டு அரங்கத்தை விட்டுவைத்தார்கள். அப்போது என் காதில் விழுந்த சத்தமெல்லாம் கல்யாண மண்டபத்தைப் பற்றித்தான். மைதானத்துக்காகக் குரல் கொடுத்தவர் குறைவு. நம்மூர் சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டம் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே ஒரு பார் திறந்தால் யார் நிற்பார்கள், யார் கிளம்புவார்கள் என்பதைக் கபடித் திடலைப் பார்த்தவர்கள் சொல்லிவிடலாம்.

விளையாட்டில் சேர்த்துவிட்டால் பிள்ளை கெட்டுப் போகாது என்று நாம் நம்புகிறோம். ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில், கடந்த ஒரு மாதத்தில் போதையாகக் குடித்தோம் என்றவர்கள் 1998இல் 42 சதவீதம்; 2016இல் 5 சதவீதம். அங்கே விளையாட்டுக் கிளப்புகளுக்குப் பணம் ஒதுக்கியதோடு, பெற்றோர் ஊர் ஊராகக் கூடி, பிள்ளைகள் இரவு எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்தார்கள். இந்த இரண்டாவது பாதியை நாம் செய்வதே இல்லை.

போட்டிக் குழு அண்ணாச்சிமார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தையும் பெண்கள் ஆட்டத்தையும் பகலிலேயே வைத்து, பரிசையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். நடு ராத்திரி இரண்டு மணிக்குப் பரிசு வாங்க ஒரு பத்து வயதுப் பையன் தூங்கி விழ வேண்டிய அவசியம் என்ன? வண்டி நிறுத்தும் இடத்துக்கும் மேடைக்குப் பின்னாலும் இரண்டு டியூப் லைட் போடுங்கள், அதற்கு ஆகும் செலவு சுழற்கோப்பை விலையில் சிறு பங்குகூட வராது. குடித்துவிட்டு வரும் வீரரைக் களத்தில் இறக்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ரைடராக இருந்தாலும். பரிசுத் தொகை தருகிறவர்களே அந்த மூலையில்தான் நிற்கிறார்கள், அவர்களை எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் போட்டிக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்கு மனு எழுதும்போது, திடலில் மது இருக்காது என்று ஒரு வரி நீங்களாகவே சேர்த்துவிட்டால், அப்புறம் அந்தப் பேச்சை நீங்கள் பேச வேண்டியதில்லை. மைக்கில் அந்த வரியை வாசித்தால் போதும்.

நன்றி, வணக்கம்.