ஒரு டார்பிடோ, மூன்று பழுதுகள்

வணக்கம் நேயர்களே. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே உருவான ஆயுதங்களில் அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோவைப் பற்றி இன்று பேசுகிறேன். நியூபோர்ட் டார்பிடோ நிலையத்தில் 1930களில் உருவானது. விட்டம் 21 அங்குலம், நீளம் இருபதரை அடி, எடை ஏறக்குறைய ஒன்றரை டன். 46 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டரில், 4,500 கஜம் ஓடும்.

இதில் பெரிதாக நம்பப்பட்டது, டார்பிடோவை வெடிக்கவைக்கும் மார்க் 6 வெடிதூண்டி. கப்பலின் முதுகெலும்பான ஏராவுக்குக் கீழே வெடித்தால் கப்பலே முறிந்துவிடும். எஃகுக் கப்பல் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை மாற்றும். அந்த மாற்றத்தை உணர்ந்ததும் தூண்டி வெடிக்க வேண்டும். 1926 மே மாதம் எல்-8 என்ற பழைய நீர்மூழ்கியை இலக்காக வைத்து மெய்யான வெடிமருந்தோடு சுட்டுப் பார்த்தார்கள். இரண்டே முறைதான். முதல் டார்பிடோ வெடிக்காமல் அடியில் போய்விட்டது, இரண்டாவது மூழ்கடித்தது. போருக்கு முன் நடந்த மெய்யான சோதனை அவ்வளவே. ஒரு டார்பிடோவின் விலை சுமார் 10,000 டாலர். வெடிக்கவைத்துப் பார்க்க மனம் வரவில்லை. அந்தச் சிக்கனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

போர் வந்ததும் தெரிந்த முதல் பழுது, ஆழம். 1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே, பிரெஞ்ச்மன் விரிகுடாவில் மீன்வலையைக் கட்டிச் சுட்டார்கள். 10 அடிக்கு வைத்த டார்பிடோ 25 அடியில் வலையைக் கிழித்திருந்தது. காரணம் இரண்டு. ஆழத்தைச் சரிபார்த்தபோது பொருத்திய, வெடிமருந்தில்லாத பயிற்சி முனை போர் முனையைவிட எடை குறைவு. அதோடு, ஆழத்தை அளக்கும் கருவி வால்பகுதியில் இருந்தது. அங்கே நீர் வேகமாக ஓடுவதால் அழுத்தம் குறையும். மேலே இருக்கிறோம் என்று கருவி ஏமாந்து டார்பிடோவை இன்னும் கீழே செலுத்தும்.

ஆழத்தைச் சரிசெய்ததும் காந்தத் தூண்டியின் குறை வெளிப்பட்டது. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறும். நியூபோர்ட் அருகே பொருந்திய கருவி நிலநடுக்கோட்டுப் பக்கம் இலக்கை அடையுமுன்பே வெடித்தது. 1943 ஜூனில் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் அதை முடக்கச் சொன்னார். இனி கப்பலில் மோதியதும் வெடிக்கும் அமைப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

அடுத்த மாதமே மூன்றாவது பழுது. அமெரிக்காவின் டினோசா நீர்மூழ்கி, நின்றுவிட்ட டோனன் மாரு 3 என்ற ஜப்பானியக் கப்பலின் விலாவில் நேர்குத்தாக ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது டார்பிடோக்களைச் செலுத்தியது. ஒன்றும் வெடிக்கவில்லை. மிஞ்சிய ஒன்றைச் சோதனைக்காகப் பேர்ல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே முனைகளை 90 அடி உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின்மேல் விழவைத்தபோது, நேராக விழுந்த பத்தில் ஏழு வெடிக்கவில்லை. சாய்வாக விழுந்தவற்றில் தோல்வி பாதியாகக் குறைந்தது. மெதுவாக ஓடிய பழைய டார்பிடோக்களுக்குப் போதுமாக இருந்த அமைப்பு அது. 46 நாட் வேக மோதலில் அடிக்கும் ஊசி வழித்தண்டில் உராய்ந்து வேகம் இழந்து, வெடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு மூடியை வலுவாகத் தட்டவில்லை. சரியாகக் குறிபார்த்த தளபதிக்குத்தான் தோல்வி அதிகம்!

ஊசியை எடை குறைந்த உலோகத்தில் செய்தார்கள், உராய்வு குறைந்தது. திருத்திய தூண்டியோடு நீர்மூழ்கிகள் கடலுக்குப் போனது 1943 செப்டம்பர் இறுதியில், அமெரிக்கா போரில் இறங்கி 21 மாதங்கள் கழிந்தபின்.