வேலையால் நிறுத்தியதை நேர்முகத்தில் எப்படிச் சொன்னேன்?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் காற்று கொஞ்சம் கூட, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை டச்பே கடற்கரையில் நிற்கிறேன், பின்னால் தெரிகிறது கோணேசர் மலை. பக்கத்தில் நிற்கிற மானைப் பார்க்காதீர்கள். என் பையில் கச்சான் இருப்பது அதற்கு விளங்கிவிட்டது.

முந்திய இடத்தில் வேலையால் நிறுத்திவிட்டார்கள், புது இடத்தில் கேட்டால் என்ன சொல்வது? இதைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன், இரவு டியூட்டி. ஓகஸ்ட் மாதம், நல்ல சீசன். ஒரு குடும்பம் திமிங்கிலம் பார்க்கப் படகு பிடித்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லிப் படுத்தார்கள். நான் நாலரைக்கு மேசையில் தலையை வைத்தேன். எழும்பும்போது ஆறே கால், படகு போய்விட்டது. இரண்டு பிள்ளைகளும் தொப்பி போட்டபடி படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிந்தி வந்ததற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். மூன்றாவதாக வந்தது பணிநீக்கக் கடிதம்.

முதல் நேர்முகத்தில் பொய் சொன்னேன். "சீசன் முடிந்தது சேர், நின்றுவிட்டேன்." நம் ஊரில் யாரும் நம்பக்கூடிய பொய்தான், வாடைக்காற்றுத் தொடங்கினால் பாதி ஹோட்டலில் ஆட்களைக் குறைப்பார்கள். அவர் என் சுயவிபரக்கோவையை ஒருமுறை பார்த்தார். "தம்பி, ஓகஸ்டில் என்ன சீசன் முடிவு?" அவ்வளவுதான். பிளேன்டீ வந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது இடத்தில் மறுபக்கம் சாய்ந்தேன். வாரத்தில் ஆறு இரவு போட்டார்கள், முகாமையாளர் எப்படிப்பட்டவர், அவருடைய மச்சானுக்கு எப்போதும் பகல் டியூட்டி என்று பத்து நிமிடம் கொட்டினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எதிரில் இருந்த மிஸ் நாலாவது நிமிடமே பேனாவை மூடி வைத்துவிட்டார். நாளைக்கு இந்தப் பொடியன் நம்மைப் பற்றியும் இப்படித்தான் சொல்வான் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அதற்குப் பிறகு கிண்ணியாவில் ஒரு பேக்கரியில் ஏழு மாதம், அதிகாலை மூன்று மணி வேலை. 2009இல் பாலம் திறக்க முதல் அங்கே பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவையில்தான், போகவேண்டும். பாலம் இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலையும் இல்லை.

மூன்றாவது நேர்முகம் சீனக்குடாப் பக்கம், ஸ்டோர்ஸ் வேலை. முதல்நாள் இரவு பணிநீக்கக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லப்போவதைத் தாளில் எழுதினேன். கேட்டதும் இதைத்தான் சொன்னேன்: "என்னை நிறுத்தினார்கள் சேர். இரவு டியூட்டியில் தூங்கி, விருந்தினரை எழுப்பத் தவறினேன். முதலும் பிந்தியதற்குக் கடிதம் வாங்கியிருக்கிறேன். பிறகு ஏழு மாதம் பேக்கரியில் மூன்று மணிக்கு வேலை, ஒருநாளும் பிந்தவில்லை. முதலாளியின் நம்பர் தருகிறேன், கேட்டுப்பாருங்கள்." அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டம், அவர் பேசாமல் இருக்கும்போது நாமே ஏதாவது சொல்லி நிரப்பப் பார்ப்போம்.

"இங்கேயும் நைட் போட்டால்?" என்று கேட்டார். "போடுங்கள் சேர், இரண்டு அலாரம் வைக்கிறேன், ஒன்று கைக்கு எட்டாத இடத்தில்." சிரித்தார். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு எடுத்தார்கள்.

கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது முக்கியம். இலங்கையில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் இடங்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணத்தால் நிறுத்தினால், இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொல்வதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகவேண்டும், புது முதலாளி பழைய இடத்துக்கு ஒரு கோல் எடுத்தால் போதும். திருகோணமலையில் யாருக்கு யார் சகலன் என்று நமக்குத் தெரியாது.

செய்யாத குற்றத்துக்கு நிறுத்தினார்கள் என்றால் நேர்முக அறையில் அழுது பயனில்லை. வேலை வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். மாமா கதைப்பார், எம்.பி. கதைப்பார் என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். சேமலாப நிதிக் காசு போய்விடுமோ என்று பயப்படவும் வேண்டாம். சம்பளத்தில் பிடித்த உங்கள் 8 வீதமும் அவர்கள் போட்ட 12 வீதமும் உங்கள் பெயரில்தான் கிடக்கும்.

இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்து நின்றவர்களும் 'என்னை நிறுத்திவிட்டார்கள்' என்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஒப்பந்தம் முடிந்தது என்றே சொல்லுங்கள், இல்லாத பழியை ஏன் தலையில் போடுகிறீர்கள்?

சுயவிபரக்கோவையில் காரணம் எழுதத் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் கேட்டிருந்தால் மட்டும் "பணிநீக்கம், நேரில் விளக்குவேன்" என்று எழுதுங்கள். 'நானே விலகினேன்' என்று போட்டுவிட்டுப் பிறகு பிடிபட்டால், அந்தப் பொய்க்காகவே இரண்டாவது தடவையும் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

காசு எடுத்தார் என்று நிறுத்தப்பட்டவர்களின் கதை வேறு மாதிரி. அதற்கு என் அனுபவம் போதாது, தெரியாத கிணற்றில் உங்களை இறக்க மாட்டேன்.

சரி, ஆறு மணிக்கு டியூட்டி, கிளம்பவேண்டும். அட, கச்சானைப் பையோடு சேர்த்தே இழுக்கிறது... விடு, விடு, அது பிளாஸ்டிக்!