"அஞ்சு எடுத்துக் கொடு, கண்ணா!"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மழலையர் வகுப்பில் பிள்ளைக்கு அதிகம் கற்றுத் தருவது பாடமா, விளையாட்டா என்பது கேள்வி. விளையாட்டுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பெருமை சொன்னார்: மூன்றரை வயதுப் பிள்ளை இருபது வரை மூச்சுவிடாமல் எண்ணுகிறதாம். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். சரி, அந்த மாதிரிப் பிள்ளைகள் முன்னால் ஒரு கூடைக் கட்டைகளை வைத்து, "அஞ்சு எடுத்துக் கொடு, கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் கை கொண்ட மட்டும் அள்ளி நீட்டும். எண்ணறிவை ஆராய்கிறவர்கள் வழக்கமாகச் செய்துபார்க்கிற சோதனைதான் இது. இருபது வாய்க்கு வந்துவிட்டது, ஐந்து இன்னும் கைக்கு வரவில்லை.

அந்த ஐந்து கைக்கு வருவது, கட்டை அடுக்கும்போதுதான். ஒரு பிள்ளை பாலம் கட்டுகிறாள். இந்தப் பக்கம் ஒரு நெட்டைக் கட்டை, அந்தப் பக்கம் ஒரு குட்டை. மேலே பலகையை வைக்கிறாள், வழுக்கி விழுகிறது. மறுபடி வைக்கிறாள், மறுபடியும் விழுகிறது. எதிரணி கேட்டார்களே, "பிள்ளை விளையாடினால் ஆசிரியருக்கு என்ன வேலை?" என்று. இதோ, இதுதான் வேலை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஏம்மா ஒரு பக்கமாவே சரியுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். (கரும்பலகையில் எழுதிப்போடுவது இதைவிடச் சுலபம், ஐயா.) பிள்ளை இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். குட்டையின் மேல் இன்னொரு குட்டையை வைக்கிறாள். பலகை நிற்கிறது! 'பாதி' என்ற சொல் அவளுக்குத் தெரியாது; பாதி என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது.

எழுத்து? குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிற பிள்ளை, ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கும் என்பதைப் பழகுகிறது. இதை எடுத்துச் சொன்னவர் உளவியலாளர் வைகாட்ஸ்கி. 'ம' என்ற கோடும் ஓர் ஒலிக்காக நிற்பதுதானே? அப்புறம், களிமண் பிசைந்து பழகாத விரலில் பென்சிலைத் திணித்தால் வலிதான் மிஞ்சும். எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முதலில் விரல் தயாராகட்டும் என்கிறேன்.

'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று 1840-இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் கல்வியாளர் ஃப்ரோபெல். பந்தும் மரக்கட்டையும்தான் அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தவை. 1851-இல், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்ய அரசு அந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். தடை நீங்கியதோ 1860-இல். அரசாங்கமே மிரண்டிருக்கிறது, எதிரணி மிரள்வதற்கு என்ன! ஆனால் அவர் வைத்த பெயரை வாசலில் எழுதிவிட்டு, உள்ளே நான்கு வயதுப் பிள்ளையிடம் நான்கு கோட்டு நோட்டை நீட்டுகிறீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம்.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்தப் பாலத்தை எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது பக்கத்தில் நடத்துவார் என்பதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.