கோவிலில் முடிவான வட்டி: செட்டிநாடும் பர்மாவும்

[காட்சி: செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் முகப்பு. தேக்குத் தூண்கள்.]

இந்தத் தூண்கள் பர்மாத் தேக்கு. மழையை நம்பிக் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தச் சீமைக்குக் கடல் தாண்டி இவை வந்த கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி நெல் போட்டால் வாங்க ஐரோப்பா காத்திருந்தது. காடு வெட்டுகிற உழவனுக்கு முதல் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகளோ அவனை வாசலில்கூட நிறுத்தவில்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். ‘கொண்டு விற்கப் போவது’ என்பார்கள் அதை.

[காட்சி: ரங்கூன், மொகல் தெரு. கிட்டங்கிக்குள், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் செய்யும் கட்டடத்துக்குள், பணப்பெட்டி வைத்த பெட்டியடி, கணக்கேடு.]

முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே உதவிக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஒருவர் அங்கே இருப்பது மூன்று வருடக் கணக்கு. மனைவி மக்கள் செட்டிநாட்டில். அத்தனை தூரத்தில், லட்சக்கணக்கான ரூபாயை நம்பி ஒருவரிடம் எப்படி விட்டுவைப்பது?

பதில் கோவிலில் இருக்கிறது. நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோவில்கள். திருமணத்துக்கு அங்கிருந்து மாலை வர வேண்டும். வந்தால்தான் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’, கோவில் கணக்கில் ஒரு தனிக் குடும்பம். கையாடல் செய்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கும் முன்பே ஊரில் பேர் கெட்டுவிடும், பெண் கிடைக்காது. இந்தப் பயமும் பாசமும் சேர்ந்துதான் ஒருவருக்கொருவர் குறைந்த வட்டிக்குப் பணம் புரட்ட வழி செய்தன. தங்களுக்குள் கொடுத்து வாங்கும் ‘நடப்பு வட்டி’யை மாதந்தோறும் ரங்கூன் கோவிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள். முருகன் சன்னிதியில் ஒரு ரிசர்வ் வங்கி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள். போட்டிருந்த பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய்.

அப்போது நெல் விலை விழுந்தது. உலகப் பெருமந்தம். கடன்பட்ட உழவர்களால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் மூழ்கியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம்.

அவர்கள் நிலத்துக்கு ஆசைப்படவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், வயலைச் சுருட்டிக் காரைக்குடிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் பட்டா பறிபோன உழவனுக்கு அந்த வாதம் எதற்கு? அவன் கண்ட செட்டியார் வேறு பாஷை பேசுபவர், லாபத்தை ஊருக்கு அனுப்புபவர், அவனுடைய ஊரில் பெண் எடுக்காதவர். உள்ளே கடனை மலிவாக்கிய அதே கட்டுக்கோப்பு, வெளியே அவர்களை அந்நியராகவே வைத்திருந்தது.

இருந்தாலும் பழி முழுவதையும் கட்டுக்கோப்பின் மேல் போட நான் தயாரில்லை. இதே நகரத்தார் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். அங்கே 1913லேயே மலாய்க்காரர் நிலத்தை மற்றவர் வாங்கத் தடைபோட்டு ஒரு சட்டம் வந்துவிட்டது. பர்மாவில் அப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்தபோது நிலம் கைமாறி முடிந்திருந்தது.

கோபத்தின் அடி முதலில் விழுந்தது கிட்டங்கியில் அல்ல. இந்தியர்களுக்கு எதிரான 1930 கலவரம் ரங்கூன் துறைமுகத்தில் வெடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் தாயகத்தை நோக்கி ஓடினார்கள், பலர் காட்டுவழியே நடந்து. 1948இல் நிலம் நாட்டுடைமையானது. 1962இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நீ வின், அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளையும் எடுத்துக்கொண்டார்; 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவையாயின.

[காட்சி: சென்னை, பர்மா பஜாருக்குப் பின்புறத் தெரு. மாலை நேரம்.]

மேலாள் திரும்பி வர ஊரில் இந்தத் தேக்கு வீடு இருந்தது. அறுபதுகளில் கப்பலில் வந்திறங்கிய பர்மா அகதிகள் பலருக்கு ஊர் என்பதே தாத்தா சொன்ன ஒரு பெயர்தான். அவர்கள் பிளாட்பாரத்தில் கடை போட்டார்கள். இந்தத் தள்ளுவண்டிக்காரர் நூடுல்ஸில் பூண்டு எண்ணெயை விட்டு, வறுத்த வெங்காயம் தூவிக் கையாலேயே பிசைகிறார். பேர் அத்தோ. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்.