பனியிலும் கருகும், வெயிலிலும் கருகும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் நாளிதழைப் பிரித்தால், உறைபனியில் தேயிலை கருகியதாக நீலகிரியிலிருந்து ஒரு செய்தி இருக்கும். தண்ணீர் வராத ஆண்டில், பயிர் கருகியதாகத் தஞ்சைப் பக்கத்திலிருந்து வரும். குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே சொல்லா? எழுதுகிறவரின் சோம்பல் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தவறு என்னுடையதுதான். செடிக்குள் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

உறைபனி இரவில் பனிக்கட்டி முதலில் செல்களுக்கு இடையே உள்ள வெளியில்தான் உருவாகிறது. பிறகு அது செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. இலை மேல் பனி படிந்திருக்க, உள்ளே செல் தண்ணீரின்றிச் சுருங்குகிறது.

மரபணுக்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஜப்பானின் சுகுபா நகரில் கசுவோ ஷினோசாகி, கசுகோ யமகுச்சி-ஷினோசாகி தம்பதியர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் ஆர்டி29ஏ என்ற மரபணுவை ஆராய்ந்தார்கள். மண் காய்ந்தாலும் அது விழித்துக்கொண்டது, குளிரடித்தாலும் விழித்துக்கொண்டது. அதன் முன்பகுதியில் 9 எழுத்துகள் கொண்ட ஒரு டிஎன்ஏ வரிசை இருக்கிறது. அங்கே வந்து ஒட்டும் புரதங்களை 1998இல் அவர்கள் குழு அடையாளம் காட்டியது. குளிரில் டிரெப்1 பெருகுகிறது, வறட்சியிலும் உப்பிலும் டிரெப்2. கை வேறு, சுவிட்ச் ஒன்று. அதே சுவிட்ச் பல மரபணுக்களின் முன்னால் இருப்பதால், செல்லின் சவ்வையும் புரதங்களையும் காக்கும் பொருள்கள் ஒரே சமயத்தில் உருவாகத் தொடங்குகின்றன.

அப்படியானால் சுவிட்சை எந்நேரமும் போட்டே வைத்தால் என்ன? வைத்துப் பார்த்தார்கள். வறட்சி, உப்பு, உறைபனி மூன்றையும் செடி தாங்கியது. ஆனால் வளராமல் குள்ளமாக நின்றுவிட்டது! வராத பகைவனுக்காக ஆண்டு முழுவதும் படை திரட்டிக்கொண்டிருந்தால் கஜானாவில் என்ன மிஞ்சும்? 1999இல் அதே குழு, டிரெப்1 வகைப் புரதம் ஒன்றை உருவாக்கும் டிரெப்1ஏ மரபணுவை ஆர்டி29ஏவின் முன்பகுதியோடு இணைத்தது. இப்போது இடர் வந்தால் மட்டுமே அது முழுவீச்சில் இயங்கும். செடி ஏறக்குறைய இயல்பாக வளர்ந்தது, முன்னைவிட நன்றாகவும் தாங்கியது. ஒரு மரபணுவைச் செருகினால் பாலைவனத்தில் நெல் விளையும் என்று பேசுகிறவர்களிடம் அந்தக் குள்ளச் செடியைத்தான் நான் நினைவூட்டுவேன்.

2025 மே மாதம் நம் நாட்டில் அறிவிக்கப்பட்ட பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்னும் நெல் ரகம் வேறு வழியில் போகிறது. எம்டியு 1010 என்ற நெல் ரகத்தில் வறட்சித் தாங்குதிறனுக்குத் தடையாக இருக்கும் டிஎஸ்டி என்ற மரபணுவை, மரபணுத் திருத்தம் மூலம் முடக்கியிருக்கிறார்கள். அந்த மரபணு முடங்கினால் இலைத்துளைகள் குறையும். நீர் வெளியேறுவதும் குறையும். ஆனால் கரியமில வாயு நுழைவதும் அதே துளை வழியாகத்தானே? அதற்குப் பயிர் என்ன விலை கொடுக்கிறது என்பதை உழவர்களின் வயலில் நல்ல மழை ஆண்டிலும் விளைவித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நன்றி, வணக்கம்.