கியோஸ் தீவின் பிசின் ஊர்கள்

வணக்கம் நேயர்களே. கிரேக்கத் தீவு என்றதும் வெள்ளை வீடும் நீலக் கதவும்தான் பலருக்கு ஞாபகம் வரும். துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கும் கியோஸ் அந்தப் படத்துக்குள் அடங்காது. அதன் தென்பகுதியில் 24 ஊர்கள் மாஸ்திக் மரத்தின் பிசினை நம்பி வாழ்ந்தவை. நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்கிறார்களே, அதேதான்.

மரம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டு, மூன்று மீட்டர் உயரம். வேலைதான் பெரிது. கோடையில் மரத்தடி நிலத்தைச் செதுக்கிக் கூட்டி, வெள்ளைச் சுண்ணப்பொடியைத் தூவி வைப்பார்கள். ஜூலையில் பட்டையில் சின்னச் சின்னக் கீறல். கை கொஞ்சம் அழுந்தினாலும் மரத்துக்குக் கேடு. கசிகிற பிசின் பொடிமேல் சொட்டி, நாள்கணக்கில் காய்ந்து இறுகும். இசிதோர் என்ற புனிதரைக் கொன்றபோது மரம் அழுத கண்ணீர் இது என்பது ஊர்க்கதை.

கீறுவதைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அசல் கைவேலை குளிர்காலத்தில்தான். சலித்து, கழுவி, உலர்த்திய பிறகு, பெண்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு மணியிலும் ஒட்டிய தூசியைக் கத்தி முனையால் சுரண்டி எடுப்பார்கள். ஊர்வம்பும் கூடவே ஓடும். 2014-இல் யுனெஸ்கோ இந்த அறிவை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பிசின் பணம் தந்த பொருள். 1346 முதல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தீவை ஆண்ட, இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள் அதைக் காக்கவே ஊர்களைக் கோட்டைபோல அமைத்தார்கள். மெஸ்தா என்ற ஊரில் ஓர வீடுகளின் பின்சுவரே மதில்!

பிர்கி ஊரின் சுவர்கள் இன்னும் விசேஷம். கரிய மணல் கலந்த சாந்து பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயுமுன் முக்கோணம், வட்டம், சாய்சதுரம் என்று வரைந்து சுரண்டுவார்கள். சுரண்டிய இடத்தில் கருமை தெரியும். மாடிதோறும் சரம் சரமாகத் தக்காளி வேறு தொங்கும்.

அப்புறம், விருந்தாளிக்கு அங்கே ஓர் உபசாரம் உண்டு: மாஸ்திக் மணக்கும் வெள்ளைச் சர்க்கரைப் பாகு ஒரு கரண்டி, குளிர்ந்த தண்ணீருக்குள் முக்கியபடியே வரும். பாகை நக்கித் தீர்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.